உன் அப்பா ஏற்றுக்கொண்ட கடன்

என் ராசாவுக்கு,

நீ இதைப் படிக்கும்போது என்னைவிடப் பெரியவனாக இருப்பாய். இதை எழுதும் எனக்குப் பத்தொன்பது வயது. நீயோ இந்தப் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற விறகுக் கொட்டகையில், சாக்குத் தூளியில் கிடக்கிறாய். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. பிள்ளைகள் சாயங்காலப் பிரேயருக்குப் போயிருக்கிற இந்த நேரம் மட்டும்தான் எனக்கு. எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும். இலங்கையில் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது, எங்களை இந்தியாவுக்கு அனுப்பக் கப்பல் டிக்கெட் வந்தது. அதோடு படிப்பு நின்றது. இங்கே வந்தபின் பொட்டலம் மடித்து வந்த காகிதங்களைப் பிரித்துப் படித்ததுதான். நீ வளர்ந்தபின் உன்னை உட்காரவைத்து இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரும் என்று தோன்றவில்லை. அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

உன் அப்பாவை நான் விட்டுவிட்டு வந்தேன் என்று உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஏன் என்று அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். உனக்கும் ஒரு நாள் கடன் வரும், நம் ஆட்களில் கடன் வராதவர் இல்லை. அப்போது உன் கடனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வருவார். அவரை நம்பலாமா கூடாதா என்று நீ முடிவு செய்யவேண்டி வரும். எங்கள் வீட்டில் அந்த முடிவை என் அப்பா, அதாவது உன் தாத்தா, ஒருவர் போட்டிருந்த கோட்டைப் பார்த்து எடுத்தார்.

கோட்டு என்றால் உனக்குக் குளிருக்குப் போடுகிற துணி. உன் தாத்தாவுக்கு அப்படி இல்லை. அங்கே தேயிலைத் தோட்டத்தில் கங்காணிதான் கோட்டுப் போடுவார். ஆட்களை வேலைக்கு வைப்பவர், கல்யாணம் சாவுக்கு முன்பணம் கொடுப்பவர், துரையிடம் நமக்காகப் பேசுபவர் எல்லாம் அவரே. தாத்தாவின் அப்பா காலத்தில், ஓர் ஆளுக்குக் கங்காணியிடம் எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயராம். வேறொரு கங்காணி அந்தப் பணத்தைக் கட்டினால் ஆள் அவர் பக்கம் போய்விடுவான். அதை விற்பனை என்று எங்கள் ஆட்கள் நினைத்ததே இல்லை. ஒரு பெரிய மனிதர் நம்மைத் தேடி வந்து நம் துண்டைக் கட்டினார் என்பது வீட்டுக்குப் பெருமை. உன் தாத்தா அந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்.

என் அம்மா அங்கேயே மண்ணாகிவிட்டாள். அப்பாவும் நானும் மட்டும் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தோம். அரசாங்கம் தொழில் செய்யக் கடன் கொடுத்தது. முகாமுக்கு வெளியே நின்ற புரோக்கர் ஒருவன் படிவம் நிரப்பிக் கொடுத்த கூலி என்று அதில் பாதியை வாங்கிக்கொண்டான். மீதியில் அப்பா வாங்கிய ஆடுகள், நாங்கள் குடிவந்த கொடைக்கானல் பக்கத்துப் பூண்டியின் மலைக்குளிரில் செத்துப்போயின. பிறகு வெள்ளைப்பூண்டுத் தோட்டங்களில் கூலி வேலை. மழைக் காலத்தில் வேலை இருக்காது. அப்போது மளிகைக் கடையில் அரிசி கடன், தோட்டக்காரரிடம் கைமாற்று, அரசாங்கக் கடனின் தவணை என்று மூன்று இடத்தில் பாக்கி நின்றது. இப்போது யோசித்தால் ஒன்றும் பெரிய பாக்கி இல்லை. கடைக்காரர் முணுமுணுப்பார், ஆனால் அரிசி அளந்து போடுவார். அவரிடம் நேரே போய், ஐயா, வேலை வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்று கேட்டிருக்கலாம். அப்பாவுக்குக் கேட்கக் கூச்சம். நான் அவர் பெண்தானே, அந்தக் கூச்சம் எனக்கும் தெரியும். கடைக்கு முன்னால் போகாமல் சுற்றுப்பாதையில் வீட்டுக்கு வருவோம்.

அப்படி இருக்கும்போதுதான் கோட்டுக்காரர் வந்தார். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. கக்கத்தில் ஒரு பை, கறுப்புக் கோட்டு, தோட்டத்து ஆள் பேச்சு.

"நானும் தோட்டத்து லய வீட்டுல பொறந்தவன்தாண்ணே. மூணு பேருகிட்ட கடன வச்சுக்கிட்டு மூணு பேரு முன்னாலயும் தலயச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கணுமா? எல்லாத்தயும் நான் ஒண்ணாக் கட்டிர்றேன். நீங்க எனக்கு ஒருத்தனுக்குப் பதில் சொன்னாப் போதும்."

"வட்டிங்க?" என்றார் அப்பா.

"அட, நம்ம ஆளுக்குள்ள வட்டியாண்ணே! வேல குடுக்கிறதே நான்தான. அதுல கழிஞ்சிரும்."

"எப்ப முடியுங்க?"

"நீங்க ஏன் அதப் பத்திக் கவலப்படுறீங்க? இனிமே அது என் தலவலி."

கவனி ராசா. எங்களுக்கு எவ்வளவு கடன் என்று அவர் கேட்டார். எவ்வளவு கூலி, எத்தனை நாள் வேலை, என்ன சாப்பிடுகிறோம் என்று ஒன்றுமே கேட்கவில்லை. திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்க்க நினைப்பவன் அதைத்தான் முதலில் கேட்பான். எங்களால் கட்ட முடியாமல் இருப்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கு அப்போது பதினாலு வயது. நான் அடுப்படியில் தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தேங்காய்கூட அந்தக் கடையில் கடனுக்கு வாங்கியதுதான். அவர் பால் இல்லாத தேயிலைச் சாயத்தண்ணி குடித்துவிட்டு, ஆபீசில் காட்டவேண்டும் என்று எங்கள் குடும்ப அட்டையைக் கேட்டார். நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இருந்த ஒரே காகிதம் அது. அப்பா அதைத் துணியிலிருந்து பிரித்து இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் போனபின், "பாத்தியா, நம்ம துண்டக் கட்ட ஆளு தேடி வந்துட்டாங்க" என்று சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்து அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

அதற்கடுத்த வாரம் எங்களைக் கூப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பூண்டிக்கு அப்பால் காட்டுக்குள், குத்தகைக்கு எடுத்து மரம் வெட்டுகிற இடம். வாட்டில் மரத்தை வெட்டிப் பட்டையை உரித்துக் கட்டவேண்டும். அந்தப் பட்டை தோல் பதனிட எங்கோ போகும். அதன் சாறு கையைக் கறுப்பாக்கிவிடும், எதில் கழுவினாலும் போகாது. புல் வேய்ந்த குடிசை. அரிசியும் கருவாடும் அங்கே வேலை வாங்குகிற, கோட்டுக்காரரின் ஆளான மேஸ்திரி கொடுப்பார், விலை அவர் சொன்னது. எவ்வளவு கழிந்தது என்று அப்பா கேட்டால், "பெருசு, கணக்கு எங்க ஓடியா போகப்போகுது? வெரசா போங்க, சோலி கெடக்கு" என்பார். சந்தைக்குப் போவதென்றால்கூட வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

அங்கேதான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவரும் கப்பலில் வந்தவர், சொந்தம் எல்லாம் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. எப்போதும் கேலி. நான் தலையாட்டியே பதில் சொல்வதைப் பார்த்து, "ஏ புள்ள, ஒனக்கு வாயத் தச்சு வச்சிருக்காங்களா? சரி, தலயாட்டுற வேலைக்குத் தனிக் கூலி கேட்டு வாங்கித் தர்றேன்" என்றார். கல்யாணத்துக்கு முருகன் படத்துக்கு முன்னால் மஞ்சள் கயிறு, ஆளுக்கு ஒரு கை சர்க்கரைப் பொங்கல். அதுவும் கணக்கில் ஏறியது. உன் அப்பா யாரையும் ஏமாற்றியதில்லை. பட்டைக் கட்டு குறைவாக இருந்தால் அவரே சொல்லிவிடுவார், மேஸ்திரி எண்ணுவதற்குமுன்பே. இதை நீ நன்றாக நினைவில் வைத்துக்கொள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

உன் தாத்தா நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமி, ஒரு மழைக் காலத்தில் போய்விட்டார். பாடை கட்டித் தூக்கப் போகும்போது மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார். "எடுக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்த. பெருசு கணக்கு கெடக்கு. யாரு பதில்?" மழை பெய்துகொண்டிருந்தது. பாடையின் மேல் தண்ணீர் விழுந்தது. நான் மகள், நான் வாய் திறக்கவில்லை. இடுப்பில் கட்டிய துண்டோடு நின்ற உன் அப்பா, "நான்தான். மாமா கடன் என் கடன். வழிய விடுங்க" என்றார். எனக்கு அந்த அழுகையிலும் பெருமையாக இருந்தது ராசா. கடன் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. பிணத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தை மாறாது என்று மட்டும் தெரியும்.

பிறகு நீ பிறந்தாய். மேஸ்திரி குடிசைக்குள் எட்டிப் பார்த்து, "ஆம்பளப் புள்ளயா? ஏலே, கூப்புக்கு ஒரு ஆளு கூடிருச்சுடா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். நான் உன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சிவப்பாக, சுத்தமாக இருந்தது. தாத்தாவுக்கு அப்புறம் உன் அப்பா, அவருக்கு அப்புறம் யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மேஸ்திரியிடம் உப்புத் தீர்ந்துபோன ஒரு நாள், உன் அப்பாவைப் பிணையாக நிறுத்திவிட்டு உன்னை முதுகில் கட்டிக்கொண்டு பூண்டிக்குப் போனேன். பழைய கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ அந்தச் சிலோன்காரரு மகதான தாயி? அப்பா போயிட்டாராமே. மனுசன் போயிட்டாரு, பாக்கி அப்படியே கெடக்கு."

"கட்டிட்டாங்கள்ல" என்றேன். "கோட்டுப் போட்டவரு..."

"எந்தக் கோட்டு? எனக்கு ஒரு பைசா வரல. ஒங்கப்பா வந்து, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லியிருந்தா நான் என்ன கழுத்தையா பிடிச்சிருப்பேன்? சொல்லிக்காமப் போனாரு பாரு, அதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

எந்தக் கடனுக்காக எங்களை எடுத்துக்கொண்டு போனார்களோ அந்தக் கடனை யாரும் கட்டவே இல்லை. அப்பா கோட்டுக்காரரோடு கூடப் போய்ப் பார்க்கவில்லை. கட்டியதற்கு ஒரு சீட்டுக் கேட்கவில்லை. கேட்டால் நம்பாத மாதிரி ஆகிவிடுமே என்று விட்டுவிட்டார். நீ கேள், ராசா. உன் பெயரில் யார் யாருக்குப் பணம் கொடுத்தாலும் நீயும் கூட நின்று வாங்கியவர் வாயால் சொல்லக் கேள். அதற்குக் கோபித்துக்கொள்பவர் உனக்கு வேண்டாம்.

திரும்பி வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கடைசியில், "அப்பன்னா ரெண்டு எடத்துல பாக்கி. கடைக்காரருக்கும் நான் குடுத்துர்றேன், பாவம் மனுசன்" என்றார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதத்தில்தான் கொடைக்கானலிலிருந்து ஓர் அக்கா வந்தார். கைக்குழந்தைகளுக்கு அம்மை ஊசி போட்டாயிற்றா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். ஒல்லியாக, தேய்ந்த செருப்போடு, பார்த்தால் நம்பிக்கையே வராது. வந்து உட்கார்ந்ததும், "நான் ஒரு பைசா குடுக்க மாட்டேன், வாங்கவும் மாட்டேன்" என்றார்.

உன் அப்பா, "அப்ப எதுக்குங்க இம்புட்டு மலை ஏறி வந்தீங்க? கோயிலுக்குப் போனாக்கூடத் திருநீறு குடுப்பாங்களே" என்றார். அக்காவும் சிரித்துவிட்டார்.

அவர் கேட்டதெல்லாம் கோட்டுக்காரர் கேட்காதவை. ஒரு நாள் கூலி என்ன, அரிசிக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், பாக்கியை யார் எழுதுகிறார்கள், அதை எப்போதாவது உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்களா, நாளைக்கே வேறு வேலைக்குப் போனால் விடுவார்களா? நான் சொன்னதை எழுதி, எனக்கே படித்துக் காட்டி, தப்பு இருந்தால் சொல்லச் சொன்னார். ஒரு நகலை என் கையிலேயே கொடுத்தார். ஆளைப் பிடித்துவைத்து வாங்குகிற கடன் சட்டப்படி செல்லாது என்றார். உடனே நான், "அப்ப கடைக்காரர் பாக்கியும் போயிருமாக்கா?" என்றேன். "அது போகாது. அவரு அரிசி குடுத்தாரு, நீங்க சாப்பிட்டீங்க. அதக் கட்டத்தான் வேணும். தவணை கேக்கலாம், வேணும்னா கூட வர்றேன்" என்றார். அந்த நிமிஷம்தான் அவரை நம்பினேன். எல்லாம் போய்விடும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போகும்போது, "நான் சொன்னேன்னு எதையும் செய்யாதீங்க. பூண்டியில விசாரிங்க, என் வீடு கொடைக்கானல்லதான் இருக்கு, வந்து பாருங்க. அவசரமில்ல. ஆனா மனுப் போட்டு அதிகாரி வரும்போது நீங்கதான் ஒங்க வாயால சொல்லணும். நான் சொன்னாச் செல்லாது" என்றார். ஒங்க வாயால என்றதுதான் எனக்குப் பயம், ஆனாலும் பூண்டியில் விசாரித்துவிட்டு, மனுப் போடச் சொல்லி அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். வெட்டிப்போட்ட மரத்தின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார். மேஸ்திரி பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி உன் அப்பாவைக் கேட்டார்.

"ஒங்களப் பிடிச்சு வச்சிருக்காங்களா?"

"இல்லங்கய்யா. கடன் இருக்குங்க. உழைச்சுக் கழிக்கிறேன்."

"எவ்வளவு பாக்கி?"

"அது தெரியாதுங்கய்யா."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா." நான் உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், நீ அழுதாய். எங்கள் அட்டையை வாங்கிக்கொண்டார்கள், கடனைக் கட்டவில்லை, போனால் விடமாட்டார்கள் என்று சொன்னேன். "சத்தமாச் சொல்லும்மா, கேக்கல" என்றார். அந்த அவமானத்தில், முதல் தடவை சொன்னதைவிட நன்றாகவே சொல்லிவிட்டேன். "ஊமைன்னுல நெனச்சேன்!" என்றார் மேஸ்திரி. யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இது சட்டப்படி கடனே இல்லை, சொன்னவர்கள் இப்போதே ஜீப்பில் ஏறலாம், இல்லை என்றவர்களை இழுத்துக்கொண்டு போக முடியாது, பின்னால் என்ன ஆகும் என்று உறுதி சொல்லவும் முடியாது என்றார் அதிகாரி. உன் அப்பா குடிசைக்குள் போய் உன் துணியையும் என் மாற்றுச் சேலையையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களும் வாங்க."

"மாமா பொணத்துக்கு முன்னால சொன்ன வார்த்த புள்ள. அத இல்லேன்னுட்டு வந்தா நான் யாரு?"

"அது கடனே இல்லேன்னு அந்த அய்யாவே சொல்றாரு."

"அவரு சொல்லுவாரு. ஏத்துக்கிட்டது நானுல்ல." பிறகு உன் கன்னத்தைத் தொட வந்தவர், தன் கறுத்த கையைப் பார்த்துவிட்டுப் புறங்கையால் தொட்டார். "நீ போ. இவன் இங்க வேணாம். நான் வெரசா அடைச்சுட்டு வந்துர்றேன்."

நான் தலையாட்டினேன். அதற்கும் கூலி கேட்பதாக ஒரு கேலி சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

அந்தக் கடன் அடையாது, ராசா. அடையக்கூடாது என்பதற்காகவே அது இருந்தது. எனக்குத் தெரியும். அவருக்கும் எங்கோ தெரிந்திருக்கும். கெட்டவர்களால் மட்டும் இது நடந்திருந்தால் என் மனது இப்படி இருந்திருக்காது. உன் தாத்தாவின் நம்பிக்கையையும் உன் அப்பாவின் நேர்மையையும் பிடித்துத்தான் எங்களைக் கட்டினார்கள். நேர்மையாக இரு என்று மகனுக்கு எழுதத்தான் ஆசை. எழுதவே கை கூசுகிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடு. ஆனால் எவ்வளவு, யாருக்கு, எதுவரை என்று தெரியாத கடனுக்கு வார்த்தை கொடுக்காதே, எந்தப் பாடைக்கு முன்னால் நின்றாலும்.

அக்கா என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டார். சொன்னபடி ஒரு பைசா வாங்கவில்லை. கடைக்காரரிடம் கூடவே வந்தார். மாதம் கொஞ்சம் அனுப்பச் சொல்லி அவர் ஒப்புக்கொண்டார், அனுப்புகிறேன். கையில் இப்போது விடுதலைக் காகிதம் ஒன்று இருக்கிறது, என் பெயரும் உன் பெயரும் போட்டது. உன் அப்பாவைப் பார்க்க அக்கா திரும்பவும் மேலே போனார். கூப்பு காலியாகிவிட்டதாம். குடிசைகளின் கொம்பு மட்டும் நின்றதாம். தாண்டிக்குடிப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று ஒருவரும், கேரளப் பக்கம் என்று ஒருவரும் சொன்னார்களாம். அக்கா இன்னும் விசாரிக்கிறார். நான் பேசியதால்தான் இடம் மாற்றினார்களோ என்று தினமும் நினைக்கிறேன். பேசாமல் இருந்திருந்தால் உன் அப்பா உன்னோடு இருந்திருப்பார், நீ அவரோடு பட்டை உரித்திருப்பாய். இந்த இரண்டில் எதைப் பொறுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீ வளர்ந்து, உனக்கென்று ஒரு வீடு இருந்து, ஒரு நாள் கை கறுத்த ஒரு மனிதர் வாசலில் வந்து நின்று உன்னை உற்றுப் பார்த்தால், உள்ளே கூப்பிடு. அடைச்சுட்டேன் என்று அவர் சொன்னால், சரிங்கப்பா என்று சொல். ஒன்றும் சொல்லாமல் நின்றால், எவ்வளவு பாக்கி என்று மட்டும் கேட்டுவிடாதே. கைகழுவத் தண்ணீர் கொடுத்து, சோறு போடு.

உன் அம்மா